மட்டக்களப்பு – பலாலி: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும்

வாவிக்கரை (கேள்வி)

வணக்கம். மட்டக்களப்பு விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேரடி உள்நாட்டு விமானச் சேவை வேண்டுமென்று கோரி, எங்கள் பகுதி வர்த்தகர்கள் சேர்ந்து மனுவொன்றைத் தயாரிக்கின்றார்கள். அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துள்ளது. இரு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரமும் பறப்பு நேரமும் மனுவின் முதற் பக்கத்திலேயே வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சிறிய வேலைதானே என்று இணையத்தில் தேடப் புகுந்தேன். தேடத் தேடக் குழப்பம்தான் கூடியது.

தூரம் 291 என்கின்றது ஒரு தளம். இன்னொன்று 292 என்கின்றது. மூன்றாவது தளத்தில் 283 இருக்கின்றது. வேறோரிடத்தில் 181 என்றும், விமானிகள் பார்க்கும் தளம் என்று ஒருவர் காட்டிய இடத்தில் 157 என்றும் கிடக்கின்றது. நேரத்தின் கதை அதைவிட மோசம். ஓரிடத்தில் 22 நிமிடம், ஓரிடத்தில் 52 நிமிடம், பயணச்சீட்டு விற்கும் தளமொன்றில் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வேறு விமானம் பிடிக்கும் கணக்கில் அரை நாள். மட்டக்களப்பு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடான பி.ரி.சி. என்பதைத் தட்டினால் பிட்கொயினின் அன்றைய விலை வந்து நிற்கின்றது.

மனுவைப் படிக்கும் அதிகாரி, “இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்லக்கூடிய தூரம் ஒன்றும் நேரம் ஒன்றும் எனக்குத் தேவை. தரைவழிப் பயணத்துடன் ஒப்பிட்டுக் காட்டவும் விரும்புகின்றேன். விபரம் அறிந்த பெரியவர்களும் நண்பர்களும் உதவ வேண்டும்.

பழைய நிலஅளவையாளர்

தம்பி, நீங்கள் கண்ட ஐந்து தூரங்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. ஐந்தும் ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அந்தக் கேள்வி எதுவென்று அந்தத் தளங்கள் சொல்வதில்லை என்பதுதான் குறை.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், அதற்கு இணையம் தேவையில்லை. திமிலைதீவில் உள்ள எங்கள் விமான நிலையம் வடக்கு அகலக்கோடு 7.706 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 81.679 பாகையிலும் இருக்கின்றது. பலாலி விமான நிலையம் 9.792 பாகை வடக்கிலும் 80.070 பாகை கிழக்கிலும் இருக்கின்றது. அகலக்கோட்டு வித்தியாசம் இரண்டு பாகைக்குச் சற்று அதிகம். அது வடக்கு நோக்கி 231 கிலோமீற்றர். நெடுங்கோட்டு வித்தியாசம் 1.6 பாகை, அது மேற்கு நோக்கி 177 கிலோமீற்றர். இந்த இரண்டையும் செங்கோண முக்கோணியொன்றின் இரு பக்கங்களாக வைத்து, பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றத்தைப் போட்டால் செம்பக்கம் 291 கிலோமீற்றர் வரும். உருண்டையான பூமியில் தட்டையான முக்கோணி செல்லுமா என்று ஒருவர் மடக்கக்கூடும். முந்நூறு கிலோமீற்றருக்குள், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு கிட்ட, அந்த வித்தியாசம் மனுவில் எழுதும் அளவுக்கு வராது.

அடுத்தது 292. பூமியை எல்லாப் பக்கமும் ஒரே ஆரையுள்ள கோளமாக எடுத்துக்கொண்டு, ஆரை 6,371 கிலோமீற்றர் என்று கணக்கிடும் தளங்கள் இந்த எண்ணைத் தருகின்றன. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் எங்கள் அகலக்கோட்டில் வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளம் 110.6 கிலோமீற்றர்தான், கோளக் கணக்கிலோ அது 111.2 ஆகிவிடும். இரண்டு பாகைக்கு அந்த வித்தியாசம் ஒரு கிலோமீற்றரைத் தாண்டுகின்றது. அளவைக்காரர் எவரும் துருவங்களில் தட்டையான பூமிக்குரிய கணக்கையே எடுப்பார்கள். ஆகவே 291 என்று எழுதுங்கள்.

283 என்பது விமான நிலையத்துக்கு விமான நிலையம் எடுத்த தூரமல்ல. மட்டக்களப்பு நகரத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு நேர்கோட்டில் எடுத்தது. பலாலி நகரத்துக்கு வடக்கே, வலிகாமத்தின் கரையோரத்தில் இருப்பதால் விமானம் நகரத்தைக் கடந்து மேலும் வடக்கே போக வேண்டியிருக்கின்றது. 181 என்பது இதே 291 கிலோமீற்றரை எங்கள் காலத்து மைல்கற்களில் இருந்த சாதாரண மைலில் சொன்னது. 157 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், கப்பலோட்டிகளும் விமானிகளும் அதில்தான் பேசுவார்கள். கிலோமீற்றரா, மைலா, கடல் மைலா என்று எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் போடும் தளத்தை நம்பி மனு எழுதாதீர்கள்.

அந்த நேர்கோட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்து இழுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கோடு வாழைச்சேனைக்கு மேலாகப் போய், வாகரையைக் கிழக்கே விட்டு, கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் நடுவால் ஏறி, ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையால் சென்று, ஏறத்தாழ கிளிநொச்சி நகரத்தின் தலைக்கு மேலாகவே யாழ்ப்பாண நீரேரியைத் தொடுகின்றது. கிழக்கையும் வடக்கையும் இப்படி நேராக இணைக்கும் வீதி எதுவும் தரையில் இல்லை. மனுவுக்கு இதைவிட வலுவான நியாயம் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

வாவிக்கரை

ஐயா, மிக்க நன்றி. கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகின்றது. தூரத்தைப் பற்றிய மயக்கம் தீர்ந்தது. நேரத்தைப் பற்றி யாராவது சொல்வீர்களா? 22 நிமிடம் என்பதை எழுத மனம் துணியவில்லை.

ஓடுபாதைக்காரன்

துணியாததே நல்லது. அந்த 22 நிமிடம், 291 கிலோமீற்றரை மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தால் பிரித்த விடை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. விமானம் திமிலைதீவின் தரையிலேயே 800 வேகத்தில் புறப்பட்டு, அதே வேகத்தில் பலாலித் தரையைத் தொட்டால்தான் அது உண்மையாகும். 52 நிமிடம் என்று சொல்லும் தளம் கொஞ்சம் இரக்கமுள்ளது. ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டிச் சொல்கின்றது. ஆனால் இரண்டுமே பெரிய ஜெட் விமானத்தை நினைத்துச் செய்த கணக்கு. உலகத்தில் உள்ள எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் அந்த இயந்திரம் இதே கணக்கைத்தான் போடும்; இடையில் விமானச் சேவை இருக்கின்றதா, அங்கே எந்த விமானம் இறங்க முடியும் என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,560 மீற்றர். பலாலி சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது அங்கே பயன்பாட்டுக்கு விடப்பட்ட ஓடுபாதை 1,400 மீற்றர். இந்த இரண்டு எண்களும்தான் நீங்கள் கேட்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. முழுப் பாரத்துடன் ஏயர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் கிளம்புவதற்கு இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சுவது காற்றாடி விமானங்கள். அவற்றில் எங்களுக்குப் பொருத்தமானவை இரண்டு வகை.

ஒன்று, பன்னிரண்டு பேருக்கு உட்பட்டவர்களை ஏற்றும் செஸ்னா கரவன் போன்ற ஒற்றை இயந்திர விமானம். அதன் வழக்கமான வேகம் மணிக்கு 160 கடல் மைல் அளவில் இருக்கும். நிலஅளவை ஐயா சொன்ன 157 கடல் மைலை இதனால் பிரித்தால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மற்றது, எழுபது பேரளவில் ஏற்றும் ஏ.ரி.ஆர். 72. அது மணிக்கு 500 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகப் பறக்கும். வெறும் வகுத்தலில் 35 நிமிடம் வரும்.

வெறும் வகுத்தல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஓடுபாதை 06, 24 என்று எண்ணிடப்பட்டது. அதாவது ஒரு முனையில் புறப்பட்டால் விமானத்தின் மூக்கு 60 பாகையை, அதாவது வடகிழக்கைச் சார்ந்து நோக்கும், மறுமுனையில் புறப்பட்டால் 240 பாகையை, அதாவது தென்மேற்கைச் சார்ந்து நோக்கும். பலாலியோ 322 பாகையில், வடமேற்கில் இருக்கின்றது. எந்த முனையால் எழும்பினாலும் விமானம் ஏறத்தாழ ஒரு செங்கோணம் திரும்பித்தான் வழிக்கு வர வேண்டும். பலாலியிலும் இதே கதைதான்: அங்குள்ள ஓடுபாதை 05, 23. தென்கிழக்கிலிருந்து வரும் விமானம் அதற்குக் குறுக்காகத்தான் வந்து சேர்கின்றது. சுற்றித் திரும்பி, காற்றைப் பார்த்து, ஒரு முனையைத் தெரிவுசெய்து இறங்க வேண்டும். இதற்கு மேலே, உயரம் எடுக்கும் நேரத்தில் முழு வேகம் கிடைக்காது. இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தரையில் ஊர்ந்து போவதற்கும் சில நிமிடங்கள் போகும்.

இதை நிரூபிக்க நடைமுறையில் ஓர் உதாரணம் இருக்கின்றது. சென்னையிலிருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர். 72 விமானங்கள் வருகின்றன. அலையன்ஸ் எயார் 2019 நவம்பரில் தொடங்கியது, இண்டிகோ 2024 செப்டெம்பரில் தொடங்கியது. சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். வெறும் வகுத்தலின்படி முக்கால் மணித்தியாலம்கூட ஆகாது. நேர அட்டவணையிலோ ஒன்றேகால் மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் இடையிலான நேரம் போடப்படுகின்றது. நேர அட்டவணையில் வருவது விமானம் நிறுத்திடத்திலிருந்து நகரத் தொடங்கி மறுமுனை நிறுத்திடத்தில் நிற்கும் வரையான நேரம், தாமதத்துக்கான சிறு இடைவெளியும் அதற்குள் அடங்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மட்டக்களப்பு – பலாலிக்கு ஏ.ரி.ஆர். விமானத்தில் ஒரு மணித்தியாலமும், கரவன் வகையில் ஒன்றேகால் மணித்தியாலமும் என்று எழுதுவது நியாயமாக இருக்கும்.

ஆக, 291 கிலோமீற்றர் தூரத்தில் வேகம் இரண்டு மடங்குக்குக் கிட்ட வித்தியாசப்படும் இரண்டு விமானங்களுக்கு இடையில் உங்களுக்குக் கிடைக்கும் மிச்சம் கால் மணித்தியாலம்தான். குறுந்தூரத்தில் வேகத்துக்குக் கிடைக்கும் கூலி குறைவு. மனுவில் பெரிய விமானம்தான் வேண்டுமென்று அடம்பிடிக்காமல் இருப்பதற்கு இதையும் நினைவில் வையுங்கள். நிரம்பாத எழுபது இருக்கைகளைவிட நிரம்பிய பத்து இருக்கைகள் அதிக காலம் ஓடும்.

கல்குடாக் காற்று

ஓடுபாதைக்காரன் அண்ணன் எழுதியதில் காற்றைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது விட முடியாத சங்கதி.

கச்சான் காலத்தில், மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை, காற்று தென்மேற்கிலிருந்து வீசுகின்றது. வாடைக் காலத்தில், டிசெம்பர் தொடங்கி பெப்ரவரி வரை, வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. எங்கள் ஓடுபாதையும் பலாலி ஓடுபாதையும் ஏறத்தாழ இந்தத் திசையிலேயே கிடப்பது தற்செயலாக இருக்காது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும், எதிர்த்துத்தான் இறங்க வேண்டும்.

பலாலிப் பாதையின் அதிர்ஷ்டம் அதற்குப் பிறகு தொடங்குகின்றது. வடமேற்கு நோக்கிப் போகும் விமானத்துக்குக் கச்சானும் பக்கக் காற்று, வாடையும் பக்கக் காற்று. மணிக்கு 160 கடல் மைல் போகும் விமானத்தைச் செங்கோணத்தில் 25 கடல் மைல் காற்று தள்ளினாலும், மூக்கைச் சற்றுக் காற்றின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் தரைமேல் வேகம் 158 கிடைக்கும். முழுப் பயணத்துக்கும் ஒரு நிமிடம்கூட அதிகமாகாது. போகும்போதும் வரும்போதும் ஏறத்தாழ ஒரே நேரம்.

கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவுக்குப் போகும் பாதை அப்படியல்ல. தூரம் 206 கிலோமீற்றர், அதாவது 111 கடல் மைல். திசை மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்தது. கச்சான் ஏறத்தாழ முகத்திலேயே அடிக்கும். 25 கடல் மைல் எதிர்க்காற்றில் வேகம் 135 ஆகக் குறையும், நேரம் 49 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளி வேகத்தை 185 ஆக்கும், நேரம் 36 நிமிடம். போக்கிலும் வரவிலும் பதின்மூன்று நிமிட வித்தியாசம். ஆகவே மனுவில் பலாலிப் பாதைக்கு ஒரே நேரத்தை எழுதுவதில் தவறில்லை. கொழும்புப் பாதையையும் சேர்த்தால் காலத்தைக் குறிப்பிடாமல் ஒரு நேரத்தை மட்டும் எழுத வேண்டாம்.

ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழைக்கு மேற்சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. இருண்ட முகிலைக் கண்டால் விமானி சுற்றித்தான் போவார். சுற்றிப் போகட்டும் என்றுதான் நாங்களும் விரும்ப வேண்டும்.

புளியந்தீவுப் பிள்ளை

கணக்கு எனக்கு வராது. கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்புக்குச் சிறிய விமானத்தில் வந்த அனுபவத்தில் மனுவுக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்கின்றேன்.

பொதியை மட்டுமல்ல, பயணியையும் தராசில் ஏற்றுவார்கள். கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு தராசில் நிற்கும்போது ஒரு பெண் அலுவலர் எண்ணைச் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற அம்மா தனக்கு மட்டும் கேட்கும்படி எண்ணைச் சொல்லுமாறு மன்றாடினார். யார் எந்த இருக்கையில் இருப்பது என்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானமாகின்றது. காரணம், அவ்வளவு சிறிய விமானத்தில் பாரம் முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பொதியின் நிறையும் பெரிய விமானங்களில் உள்ளதைவிட மிகக் குறைவு. வர்த்தகர்கள் கேட்கும் சேவை என்பதால் சொல்கின்றேன்: சாமான் கொண்டுபோகும் நோக்கம் இருந்தால் கரவன் வகை உங்களுக்குச் சரிவராது, மாதிரிகளையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு போய் ஆளைச் சந்தித்துவிட்டு வருவதற்கு நல்லது.

இறங்கிய பிறகு கிடைக்கும் இலாபத்தையும் எழுதுங்கள். திமிலைதீவிலிருந்து நகரத்துக்கு வர முச்சக்கர வண்டிக்குச் சில நிமிடங்களே போதும். வலையிறவுப் பக்கமாகப் போனால் வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையும் கைக்கெட்டும் தூரம். பலாலியில் இறங்குபவருக்கு யாழ். நகரம் பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், அந்தப் பக்கத்தில் அரை மணித்தியாலத்தையாவது ஒதுக்க வேண்டும்.

அக்கரைப்பற்று வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் அம்பாறை மாவட்டத்தையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே எழுதுகின்றேன். சேர்க்கும்போது ஒரு குழியில் விழுந்துவிட வேண்டாம்.

அம்பாறையிலும் விமான நிலையம் இருக்கின்றது, உகணைப் பக்கத்தில். விமானப் பட்டியல்களில் அதன் பெயர் கல்லோயா, குறியீடு ஜி.ஓ.வை. இந்தப் பெயரைப் படத்தில் தேடினால் கல்லோயாச் சந்திப் புகையிரத நிலையம் வந்து சேரும். அது ஹபரணைக்கு அருகில், மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்ற இடம். உகணையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துத் தூரம் அளந்து வெளியிட்டிருக்கும் பக்கங்களை நான் கண்டிருக்கின்றேன்.

உகணை விமான நிலையத்திலிருந்து திமிலைதீவுக்கு நேர்கோட்டில் 41 கிலோமீற்றர், பலாலிக்கு 321 கிலோமீற்றர். ஆனால் உகணை ஓடுபாதை எங்களுடையதைவிட, அதாவது மட்டக்களப்பினதைவிட, நானூறு மீற்றருக்கு மேல் குட்டையானது. அங்கே விமானப்படையின் பயிற்சி நிலையமும் இருக்கின்றது. இரண்டிடத்திலும் சேவை கேட்டு இரண்டையும் இழப்பதைவிட, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மக்களும் திமிலைதீவைப் பயன்படுத்துவார்கள் என்று எழுதுவது புத்தி. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோர வீதியால் நாற்பது கிலோமீற்றருக்குள் வந்துவிடலாம். கல்லடியில் 2013 இல் புதிய பாலம் திறந்த பிறகு பழைய ஒற்றைவழிப் பாலத்தில் காத்து நிற்கும் தொல்லையும் இல்லை.

பழைய நிலஅளவையாளர்

நல்ல வேளை இந்தத் தம்பி சொன்னார். தரைவழியைப் பற்றி இன்னும் யாரும் எழுதாதபடியால் நான் எழுதிவிடுகின்றேன்.

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரையால் போக இரண்டு வழி. ஒன்று, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை சென்று, மரதன்கடவலையில் ஏ9 வீதியைப் பிடித்து வவுனியாவால் ஏறுவது. மற்றது, வாகரையால் திருகோணமலைக்குப் போய், ஹொரவபொத்தானையில் திரும்பி வவுனியாவுக்கு வருவது. எதுவானாலும் 350 கிலோமீற்றரைத் தாண்டும். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது இறங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வாகரை வழியில் முன்பு துறைக்குத் துறை பாதைப்படகுக்குக் காத்து நின்ற தலைமுறை நாங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் அது முறையான வீதியாயிற்று.

புகையிரதத்தை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது. மட்டக்களப்புப் பாதையும் யாழ்ப்பாணப் பாதையும் மாகோச் சந்தியில்தான் சந்திக்கின்றன. கிழக்கிலிருந்து வடக்கே போக வேண்டியவர் மேற்கே குருநாகல் மாவட்டம் வரை போய்த் திரும்ப வேண்டும். உதயதேவியில் ஏறி மாகோவில் இறங்கி யாழ்தேவிக்குக் காத்திருப்பவரை எந்த ஒப்பீட்டிலும் வைக்க எனக்கு மனமில்லை.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. இப்போது பந்தி பின்வருமாறு வந்திருக்கின்றது:

“மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட நேர்கோட்டு வான்வழித் தூரம் சுமார் 291 கிலோமீற்றராகும். தரைவழித் தூரம் 350 கிலோமீற்றரைத் தாண்டுவதுடன், இரவு முழுவதையும் பயணத்தில் கழிக்க நேர்கின்றது. ஏ.ரி.ஆர். 72 வகை விமானத்தில் ஒரு மணித்தியாலத்திலும், செஸ்னா கரவன் வகை விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலத்திலும் இத்தூரத்தைக் கடக்கலாம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளின் மக்களும் இச்சேவையால் பயனடைவர்.”

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். நாளை தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஓடுபாதைக்காரன்

மூன்று திருத்தங்கள். தூரத்துக்கு முன்னால் உள்ள “சுமார்” என்ற சொல்லை எடுத்து நேரத்துக்கு முன்னால் போடுங்கள். “கடக்கலாம்” என்பதற்குப் பதிலாக “நிறுத்திடத்திலிருந்து நிறுத்திடத்துக்கு” என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையேல் விமானத்துறையைச் சேர்ந்த ஒருவர் முப்பத்தைந்து நிமிடம்தானே என்று வாதிடுவார். இரண்டு ஓடுபாதைகளின் நீளத்தையும் ஒரு வரியில் சேர்த்து, ஏ.ரி.ஆர். 72 ஏற்கனவே 1,400 மீற்றர் உள்ள பலாலியில் இறங்குகின்றது என்பதையும் குறிப்பிடுங்கள். எங்களுடையது அதைவிட நீளமானது என்பதை வாசிப்பவரே கண்டுகொள்வார்.

கல்குடாக் காற்று

கச்சான், வாடை இரண்டிலும் நேரம் மாறாது என்பதையும் ஒரு வாக்கியமாகப் போடலாம். கொழும்புப் பாதைக்கு இல்லாத வசதி அது.

வாவிக்கரை

சேர்த்துவிட்டேன். காற்றைப் பற்றிய வாக்கியத்தை இரண்டாம் பக்கத்தில், அந்த வகுத்தலோடு இணைப்பாக வைக்கின்றேன். தட்டச்சு முடிந்ததும் முழு மனுவையும் இங்கேயே பதிவிடுகின்றேன்.